‘நல்லா இருக்கோம்’ என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போனவர்களுக்கு

வாசகர் கேள்வி – ஆயர் பதில்

நம் பலவீனத்தைச் சபையாரிடம் மறைக்காமல் சொல்ல முடிகிறதா என்று சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், சருகணி என்று நம் சுற்றுவட்டாரத்திலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றில்கூடப் பெயரை வெளியிடச் சம்மதம் தரப்படவில்லை. அந்தத் தயக்கத்தை நான் குறையாக எண்ணவில்லை. இந்தப் பொருளைப் பற்றி நாம் எவ்வளவு காலமாகப் பேசாமல் இருந்துவிட்டோம் என்பதையே அது காட்டுகிறது.

கேள்வி (காரைக்குடி வாசகி): எனக்கு வயது 42. என் கணவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார். இரண்டு வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆராதனைக்குப் போய், பார்க்கிறவர்களிடமெல்லாம் “கர்த்தருடைய கிருபையால் நல்லா இருக்கோம்” என்று சொல்லிவிட்டு வருகிறேன். ஒரு ஜெபக்கூட்டத்தில் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். “விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு? எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்று வசனம் இருக்கிறதே” என்று ஒரு சகோதரி கேட்டுவிட்டார். அன்றிலிருந்து நான் வாய் திறக்கவில்லை. என் விசுவாசம் பொய்யா, ஐயா?

பதில்: பொய்யில்லை, அம்மா. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். இந்த வகை மாத்திரைகளைத் திடீரென்று விட்டுவிட்டால் உடம்பும் மனமும் இன்னும் தடுமாறும். இனி உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் என்றைக்காவது தலைகாட்டினால், நடுராத்திரியானாலும் கணவரை எழுப்புங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.

அந்தச் சகோதரி நல்லெண்ணத்தோடு பேசியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னது தவறு. பவுல் தம்முடைய ஊழியத் தோழன் துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதுகிறார்; அவனுடைய விசுவாசத்தைக் குறைத்து அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. கடைசிக் காலத்தில் அவரோடு தங்கியிருந்த லூக்காவை அவரே ‘பிரியமான வைத்தியன்’ என்று அழைத்தவர். “சந்தோஷமாயிருங்கள்” என்று பிலிப்பியருக்கு எழுதிய அதே கை, கொரிந்தியருக்கு எழுதும்போது, ஆசியாவில் தமக்கு நேரிட்ட உபத்திரவத்தில் “பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக” வருத்தம் உண்டாயிற்று என்று ஒளிக்காமல் எழுதியது. அதற்கு முன்னால், “நீங்கள் அறியாதிருக்க எங்களுக்கு மனதில்லை” என்ற சொற்களையும் வைத்தது. தம்மால் தாங்க முடியாமல் போனதைச் சபையார் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே அவர் விரும்பினார்.

எலியாவின் கதையையும் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கியவர், சில நாட்களுக்குள் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்கிறார். அவரைத் தேடி வந்த தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை, பிரசங்கம் செய்யவும் இல்லை. தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்து, “எழுந்திருந்து போஜனம்பண்ணு” என்று சொன்னான். எலியா சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் வந்து தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்றும் சொன்னான். சோர்ந்து விழுந்தவருக்குக் கடவுள் அனுப்பியவை உணவும் தண்ணீரும் உறக்கமும்தான். அவர் மனம்விட்டுப் பேசும் வாய்ப்பு ஓரேப் மலையில் பிற்பாடு வந்தது.

இதை நான் என் வாழ்க்கையிலும் கண்டேன். என் மனைவி இறந்த வருடம், ஏறத்தாழ ஐந்து மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. ஞாயிறு தவறாமல் பிரசங்கித்தேன். வீட்டுக்கு வந்தால் வேதப்புத்தகத்தைத் திறக்கக் கை வராது. ஒரு மாலை, சபையின் மூத்த உறுப்பினர் ஒருவரிடம், எதையும் யோசிக்காமல், “அண்ணாச்சி, எனக்கு உள்ளே ஒன்றுமே இல்லை” என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஒரு தூக்குச்சட்டியில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்து வைத்தார்; நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார்; சட்டியை அவரே கழுவி எடுத்துக்கொண்டு போனார். இரண்டு வாரம் அப்படியே நடந்தது. அந்த இரண்டு வாரத்தில் அவர் எனக்கு ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. கிருபை என்ற சொல்லை நாற்பது வருடம் பிரசங்கித்த எனக்கு, அந்தச் சொல்லின் ருசி அந்தத் தூக்குச்சட்டியில்தான் தெரிந்தது.

இனி, நீங்கள் கேட்காமல் கேட்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். நாம் ஏன் மறைக்கிறோம்? நம் சீமையின் பெரிய வீடுகள் சிலவற்றில், முகப்புத் தூண்களுக்கு இன்றும் எண்ணெய் பூசிப் பளபளப்பாக வைத்திருப்பார்கள். ஐப்பசி மழைக்கு உள்ளே மூன்றாம் கட்டுப் பகுதியில் ஓடு ஒழுகி, அண்டாவும் குண்டானும் வரிசையாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும். முகப்போடு திரும்பிப் போகிற விருந்தாளிக்கு அது தெரியாது. 1942-க்குப் பிறகு பர்மாவில் போட்ட முதலெல்லாம் போய், சொல்ல முடியாத கஷ்டத்தைச் சுமந்த குடும்பங்கள் ஊர் முன் தலைநிமிர்ந்து நிற்கப் பட்ட பாட்டை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. அதில் ஒரு கண்ணியம் இருக்கிறது. ஆனால் சபையும் அப்படி ஒரு முகப்பாகிவிட்டதென்றால், அது தன் வேலையை மறந்துவிட்டது என்று பொருள். ஞாயிறு ஆராதனையில் நாம் அனைவரும் முழங்காலிட்டு, ஒரே குரலில், பாவ அறிக்கையை வாசிக்கிறோம். அரை மணி நேரம் கழித்து வாசலில் நின்று, குறையே இல்லாதவர்களைப் போல ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறோம். முழங்காலில் நின்றபோது சொன்னது உண்மையா, வாசலில் நின்று சொன்னது உண்மையா?

கொரிந்துவும் வணிகத்தால் செழித்த ஊர்தான். வசதியையும் வாக்குவன்மையையும் வைத்தே அங்கே ஒருவரை மதித்தார்கள். “அவனுடைய நிருபங்கள் பாரயோசனையும் பலமுமுள்ளவைகள், சரீரத்தின் தோற்றமோ பலவீனமும், வசனம் அற்பமுமாயிருக்கிறது” என்று பவுலைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். தம்மை மகா பிரதான அப்போஸ்தலர்களாகக் காட்டிக்கொண்ட சிலருக்கு முன்னால் அவர் தம் பெருமைகளைப் பட்டியலிட்டிருக்கலாம். அவர் பட்டியலிட்டவை வேறு: பட்ட அடிகள், கப்பற்சேதங்கள், தமஸ்குவில் கூடையில் வைத்து ஜன்னல் வழியாக மதிலிலிருந்து இறக்கப்பட்டு ஓடிய அவமானம், கடைசியில் மாம்சத்திலே கொடுக்கப்பட்ட ஒரு முள். அந்த முள் என்னவென்று அவர் சொல்லவில்லை. அது நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை. கிடைத்த பதில்: “என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்.” முள் எடுக்கப்பட்ட பிறகு சொன்ன சாட்சியாக இது இருந்திருந்தால் உங்களுக்கு இதில் ஆறுதல் இருந்திராது, அம்மா. முள் இருக்கும்போதே சொன்னது. நம் சபைகளில் சாட்சி சொல்லும் நேரத்தில் சுகமானவர்களையே கேட்டுப் பழகிவிட்டோம். சுகமாகாமல் நிற்கிறவர்களுக்கும் சாட்சி உண்டு என்பதை மறந்துபோனோம்.

கிருபைக்கும் மறைக்காமல் பேசுவதற்கும் என்ன சம்பந்தம் என்பதை, நான் பார்த்து வளர்ந்த ஒன்றைக் கொண்டு சொல்கிறேன். என் தகப்பனார் இந்த ஊரில் ஒரு வட்டிக்கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய்ப் பெட்டியடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கடன் வாங்கிய ஒருவர் எதிர்த் தெருவில் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருநாள் அவருடைய மாமனார் வந்து, அசலும் வட்டியுமாக முழுப் பணத்தையும் எண்ணி வைத்தார். அப்பா இரும்புப் பெட்டியிலிருந்து புரோநோட்டை எடுத்தார். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் போட்டிருந்த கையெழுத்தின் குறுக்கே கிழித்தார். கிழித்த நோட்டை அந்த மாமனாரிடம் கொடுத்தார். அடுத்த வாரம், குடையைச் சாய்த்துக்கொண்டு போனவர் கடைத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, தாம் எங்கே ஏமாந்தார், யார் பேச்சைக் கேட்டுப் பணத்தை விட்டார், மனைவியின் நகையை எப்போது அடகு வைத்தார் என்பதையெல்லாம் அப்பாவிடம் மணிக்கணக்கில் பேசினார். நோட்டு உயிரோடு இருந்த காலத்தில் அவர் அதில் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா?

கொலோசெயர் நிருபத்தில் பவுல், “நமக்கு எதிரிடையாகவும் கட்டளைகளால் நமக்கு விரோதமாகவும் இருந்த கையெழுத்தை” கிறிஸ்து குலைத்துச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்கிறார். ‘கையெழுத்து’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்திலுள்ள சொல், கடன்பட்டவன் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கும் கடன் சீட்டைக் குறிப்பது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. இன்னொன்றும் நம்மவர்களுக்குத் தெரியும்: மூன்று வருடம் கவனிக்காமல் விட்டால் நோட்டு காலாவதியாகிவிடும், அப்படிக் காலாவதியான கடன்காரன் கோர்ட்டுக்குத் தப்பலாம், ஆனால் கடன் கொடுத்தவன் முகத்தில் விழிக்க மாட்டான். கடவுள் நம் கடனைக் காலாவதியாக விடவில்லை. அது கட்டித் தீர்க்கப்பட்டது. ஆகவேதான் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிறது. முதலில் நோட்டு கிழிகிறது, அதற்குப் பிறகு நாக்கு அவிழ்கிறது. இந்த வரிசையை மாற்றி, நான் உள்ளதைச் சொன்னால்தான் அவர் ஏற்றுக்கொள்வார் என்று எண்ணிக்கொண்டால், உள்ளதைச் சொல்வதும் இன்னொரு கடனாகிவிடும்.

நீங்கள் மைக்கைப் பிடித்துச் சபை முன் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். முதலில் உங்கள் கணவரிடம், நீங்கள் காலையில் எழப் படும் பாட்டை உள்ளபடி சொல்லுங்கள். அவர் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார் என்பதாலேயே அவருக்கு அது தெரியும் என்று இருந்துவிடாதீர்கள். அடுத்த ஞாயிறு பட்டுப்புடவை கட்ட உடம்பில் தெம்பில்லாவிட்டால், நூல் சேலையில் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். யாராவது விசாரித்தால், “கஷ்டமாத்தான் இருக்கு, ஜெபிச்சுக்கங்க” என்ற அந்த ஒரு வாக்கியம் போதும்.

கேள்வி (தேவகோட்டை வாசகர்): எட்டு வருடமாக ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துகிறேன். குடியை விட்டதாகச் சாட்சி சொன்னவன் நான். இந்த வருடம் மூன்று முறை மறுபடியும் விழுந்துவிட்டேன். மனைவிக்கு மட்டும் தெரியும். எப்படியும் மன்னிப்பு உண்டு என்ற தைரியத்தில்தான் குடிக்கிறேனோ என்று என்மேலேயே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கிருபையைப் பற்றி அதிகம் பேசினால் இப்படித்தான் ஆகுமா?

பதில்: “கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா?” என்ற கேள்வி பவுலின் காலத்திலேயே எழுந்துவிட்டது, தம்பி. “கூடாதே” என்று ஒரே சொல்லில் அவர் பதில் சொன்னார். ஆனால் அதற்காகக் கிருபையின் அளவை அவர் ஒரு மரக்கால்கூடக் குறைக்கவில்லை. கிருபை உங்களைக் குடிக்க வைக்கவில்லை என்று நான் துணிந்து சொல்வேன். உங்களைக் குடிக்க வைப்பதில் பெரும் பங்கு அந்த ரகசியத்துக்கு இருக்கிறது. ஒருமுறை விழுந்ததை மறைத்தீர்கள். மறைத்த பாரத்தோடு பிள்ளைகள் முன் நின்றீர்கள். அந்தப் பாரத்தை இறக்கிவைக்க வழி தெரியாமல் மறுபடியும் கடைக்குப் போனீர்கள். “நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று” என்று 32-ஆம் சங்கீதம் சொல்வது இதைத்தான்.

ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹிட்லரை எதிர்த்ததற்காக 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டவர். மனந்திரும்புதல் இல்லாமல் விநியோகிக்கப்படும் கிருபையை ‘மலிவான கிருபை’ என்று சாடியவர் அவர். அதே மனிதர்தான், 1930-களில் ஃபிங்கன்வால்டில் குருமாணவர்களுக்குப் பொறுப்பாயிருந்தபோது, திருவிருந்துக்கு முன் ஒரு சகோதரனிடம் தனியாகப் பாவத்தை அறிக்கையிடும் பழக்கத்தை அவர்களிடம் கொண்டுவந்தார். தாமும் தம் மாணவர் ஒருவரிடம் அறிக்கையிட்டார். மலிவான கிருபைக்கு மாற்றாக அவர் நம்மை இன்னும் கெட்டியாக முகமூடி போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. முகமூடியைக் கழற்றும் இடத்தில்தான் கிருபையின் விலை நமக்குத் தெரிய வரும் என்று அறிந்திருந்தார்.

குடியிலிருந்து மீண்டவர்களின் அனுபவமும் இதையே சொல்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குடியில் சீரழிந்திருந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. அவர்கள் வகுத்த பன்னிரண்டு படிகளில் முதற்படியே, மதுவுக்கு முன்னால் எங்களுக்குச் சக்தியில்லை என்று ஒப்புக்கொள்வது. ஐந்தாம் படி, செய்த தவறுகளைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் உள்ளபடி சொல்வது. அந்த இன்னொரு மனிதரை அவர்கள் விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். யாக்கோபு நிருபமும், “உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்” என்றுதான் சொல்கிறது. இந்த அமைப்பின் கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. ஒருமுறை போய் உட்காருங்கள், பேசாவிட்டாலும் பரவாயில்லை.

நீங்கள் தினந்தோறும் குடிக்கும் நிலைக்கு வந்திருந்தால், ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். உங்கள் ஆயரிடம் இந்த வாரமே நேரில் சொல்லுங்கள். கொஞ்ச காலம் ஞாயிறு பள்ளியிலிருந்து விலகியிருக்கிறேன் என்று நீங்களே கேளுங்கள். பிள்ளைகளைக் கற்பிக்கும் பொறுப்பு அந்த இடைவெளியைக் கேட்கிறது, அதைத் தண்டனையாக எண்ண வேண்டாம். இனி சாகும்வரை தொடமாட்டேன் என்று சபை முன் பெரிய பொருத்தனை ஒன்றும் செய்யாதீர்கள். இன்றைக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டு படுத்தால் போதும்.

பேதுருவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மறுதலிப்பதற்கு முன்பே, “உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து” என்று இயேசு சொல்லிவிட்டார். விழப்போவது தெரிந்தே ஜெபித்தார், எழுந்த பிறகு செய்ய வேண்டிய வேலையையும் தெரிந்தே கொடுத்தார். யோவான் இன்னொன்றைக் கவனித்து எழுதியிருக்கிறார். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் அருகில். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் மீன் சுட்டு அவரைச் சாப்பிட அழைத்ததும் ஒரு கரிநெருப்பின் அருகில். அந்தப் புகை வாசனை மூக்கில் ஏறியபோது பேதுருவுக்கு என்னவெல்லாம் நினைவு வந்திருக்கும்! அங்கே அவரிடம் மூன்று முறை கேட்கப்பட்டது, “என்னை நேசிக்கிறாயா” என்பதுதான்.

கேள்வி (கோட்டையூர், கல்லூரி மாணவி): ஒரே பாவத்தை நூறு முறை கடவுளிடம் அறிக்கையிட்டுவிட்டேன். சரியாகச் சொன்னேனா, எதையாவது விட்டுவிட்டேனா என்ற பயம் போகவில்லை.

பதில்: மார்ட்டின் லூத்தருக்கும் இதே வேதனை இருந்தது, மகளே. 1505-ல் எர்ஃபர்ட் மடத்தில் சேர்ந்த அவர், தம் ஞான ஆலோசகர் ஷ்டவ்பிட்ஸிடம் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வார். வெளியே வந்ததும், விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வந்து மறுபடியும் ஓடுவார். “விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்” என்ற வசனம் அவருக்கு விளங்கியபோதுதான், மன்னிப்பு தம் அறிக்கையின் முழுமையைப் பொறுத்தது இல்லை என்று கண்டார். நீங்கள் மறந்துபோன பாவத்துக்கும் சேர்த்தே கணக்கு தீர்க்கப்பட்டிருக்கிறது. அந்தப் பாவத்தை இனி நூற்றோராவது முறை சொல்ல வேண்டாம். அது நினைவுக்கு வரும்போதெல்லாம் ‘நன்றி’ என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லுங்கள். அப்படியும் பயம் உங்களை விடாமல் பிடித்து, படிப்பையும் தூக்கத்தையும் கெடுத்தால் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படி ஒரு நோயும் உண்டு, அதற்கு மருந்தும் உண்டு.

கேள்வி (கானாடுகாத்தான் வாசகர்): நான் சைவக் குடும்பத்தைச் சேர்ந்தவன், உங்கள் பகுதியை விடாமல் வாசிப்பவன். மணிவாசகப் பெருமானும் திருவாசகத்தில் தம்மை ‘நாயிற் கடையாய்க் கிடந்த’ அடியேன் என்கிறார். தம் குறையை ஒளிக்காமல் சொல்வது எங்களுக்கும் உண்டு. நீங்கள் சொல்லும் கிருபையில் தனியாக என்ன இருக்கிறது?

பதில்: ஐயா, உங்கள் கேள்வியை மிகுந்த மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட அடிக்கு அடுத்ததாக ‘தாயிற் சிறந்த தயாவான தத்துவனே’ என்று வருகிறது. தன்னைக் கடையனென்று சொல்லும் நாவும், எதிரில் இருப்பது தாயினும் மேலான தயவு என்று அறிந்த நெஞ்சும் சேர்ந்தே இருக்கின்றன. அந்தத் தயவை நம்பாதவரால் அப்படிப் பாட முடியாது. கிறிஸ்தவ ஊழியராக வந்த ஜி. யு. போப், தம் முதிய வயதில் திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1900-ல் வெளியிட்டதும் அந்த நெஞ்சுருக்கத்தை உணர்ந்ததால்தான் என்று நான் நம்புகிறேன். நம் சீமைக்கு அருகில், மணிவாசகரோடு தொடர்புடைய ஆவுடையார்கோயிலின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். நாங்கள் ‘கிருபை’ என்று வாசிக்கும் இடத்தில், கத்தோலிக்கர்கள் இன்று வாசிக்கும் திருவிவிலியத்தில் ‘அருள்’ என்ற சொல்லே இருக்கிறது: “என் அருள் உனக்குப் போதும்.” உங்கள் முன்னோரும் எங்கள் முன்னோரும் ஒரே சொல்லின் கீழ் நின்று அழுதவர்கள்.

தனியாக என்ன என்று கேட்டதால், நான் நம்புவதைச் சொல்கிறேன். கடவுளே பலவீனராக வந்தார் என்பது எங்கள் விசுவாசத்தின் நடுத்தூண். கெத்செமனே தோட்டத்தில் இயேசு, “என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது, நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்” என்று மூன்று மீனவர்களிடம் கேட்டார். தம் துக்கத்தை மறைக்கவில்லை. துணை வேண்டும் என்று கேட்பதற்கும் வெட்கப்படவில்லை. அவர்களோ தூங்கிவிட்டார்கள். எபிரெயர் நிருபம், நம்முடைய பலவீனங்களைக் குறித்துப் பரிதபிக்கக்கூடாத பிரதான ஆசாரியர் நமக்கில்லை, ஆகவே தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேருவோம் என்கிறது. நான் என் பலவீனத்தைச் சொல்லும்போது, அதை மேலிருந்து குனிந்து கேட்கும் ஒருவரிடம் மட்டும் சொல்லவில்லை. அந்த இரவில் தரையில் முகங்குப்புற விழுந்தவரிடம் சொல்கிறேன். எங்கள் சபைகள் இதற்கு ஏற்றபடி நடப்பதில்லை என்பதையும் உங்களிடம் மறைக்க மாட்டேன்.

கேள்வி (சருகணிப் பக்கத்திலிருந்து ஒரு கத்தோலிக்க வாசகி): எங்களுக்குக் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும் வழக்கம் இருக்கிறது. சொன்னது வெளியே போகாது. ஆனால் நான் நம்பிச் சொன்ன ஒரு குடும்பப் பிரச்சினையை ஒரு ஜெபக்குழுவில் வாட்ஸ்அப்பில் ‘ஜெபக்குறிப்பு’ என்று போட்டுவிட்டார்கள். இனி யாரை நம்புவது?

பதில்: உங்களுக்கு நடந்தது பெரிய அநியாயம், அம்மா. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் செய்தாலும் அது கோள் சொல்வதுதான். உயிருக்கே அச்சுறுத்தல் வந்தாலும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு வெளியிடக் கூடாது என்று உங்கள் திருச்சபை சட்டமே வைத்திருக்கிறது; அதன் ஞானத்தை எங்களைப் போன்ற சபையார் இன்னும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் மனப்பூர்வமாகச் சொல்கிறேன். ஒருவர் தம் பலவீனத்தைச் சொல்லும்போது, கேட்கிறவர் கையில் அவர் ஒரு பொருளை ஒப்படைக்கிறார். அதைத் திறந்து காட்ட அவரைத் தவிர யாருக்கும் உரிமையில்லை. யாரை நம்புவது என்று கேட்டீர்கள். உங்களிடம் பிறருடைய கதையை இதுவரை ஒருமுறையும் சொல்லாத ஒருவர் உங்கள் பழக்கத்தில் இருப்பார், யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவர் அதிகம் பேசாதவராக இருப்பார். அவரிடம் சொல்லுங்கள். சொல்வதற்கு முன், “இது உங்களோடு இருக்கட்டும்” என்று வாய்விட்டுச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்பதில் தவறில்லை.

கேள்வி (காரைக்குடி, 81 வயது மூதாட்டி, பேத்தி எழுதி அனுப்பியது): எனக்கு இப்போது முழங்காலிட முடியவில்லை. கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினால் பாதியில் மறந்துவிடுகிறது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாலும் அதே இடத்தில் நின்றுவிடுகிறது. ஐம்பது வருடம் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபம் நடத்தியவள் நான். வெட்கமாக இருக்கிறது.

பதில்: பாட்டியம்மா, “நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ளவேண்டியதின்னதென்று அறியாமலிருக்கிறபடியால், ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார்” என்று நீங்களே எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டியிருப்பீர்கள். இனி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். எந்த வார்த்தையில் நிற்கிறதோ அந்த வார்த்தையோடு, நாற்காலியிலேயே, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருங்கள். பேத்தி பக்கத்தில் இருந்தால், மீதியை அவளைச் சொல்லச் சொல்லுங்கள். “ஆமென்” மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். அதுவும் மறந்துபோனால் அவளே சொல்லட்டும்.